திசை சரி... பணம் எங்கே போச்சு?

பட்ஜெட்டுக்கு முந்தைய நாள் மதியம், மெஸ் பில்லுக்கு வைத்திருந்த பணத்தில் நண்பன் ஒருவன் நிஃப்டி கால் ஆப்ஷன் வாங்கினான். மறுநாள் சந்தை அவன் சொன்னபடியே கொஞ்சம் ஏறியது. ஆப்ஷன் விலை மட்டும் இறங்கியது. "புரோக்கர் ஏமாத்திட்டான்டா" என்று அன்று இரவு முழுக்கப் புலம்பினான். யாரும் ஏமாற்றவில்லை. கணக்கே அப்படித்தான். அதைக் கால்குலேட்டரும் கையுமாக ஒரு முறை போட்டுப் பார்ப்போம்.

பட்ஜெட் வருஷத்துக்கு ஒரு தடவைதான். இதே பாடம் மாதம் தவறாமல் நடக்கும் இடம் அமெரிக்கா. அங்கே தொழிலாளர் புள்ளியியல் பணியகம் மாதந்தோறும் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை வெளியிடுகிறது. தேதி முன்கூட்டியே அறிவிக்கப்படும். நேரம் கிழக்கு அமெரிக்கக் கடிகாரப்படி காலை 8.30. நமக்கு அது கோடையில் மாலை 6, குளிர்காலத்தில் 7. பணவீக்கம் கூடினால் பெடரல் ரிசர்வ் வட்டியை உயர்த்தும் என்ற பயம் வரும், குறைந்தால் நிம்மதி. 2022 செப்டம்பர் 13 அன்று ஆண்டுப் பணவீக்கம் எதிர்பார்த்ததைவிடச் சற்றே கூடுதலாக 8.3 சதவீதம் என்று வந்தது. எஸ் அண்டு பி 500 குறியீடு அன்று 4.3 சதவீதம் விழுந்தது. அதே ஆண்டு நவம்பர் 10 அன்று எதிர்பார்ப்புக்குக் கீழே 7.7 என்று வர, குறியீடு 5.5 சதவீதம் எகிறியது.

அப்படியானால் முதல் நாளே ஆப்ஷன் வாங்கி வைத்தால் போதுமே என்று தோன்றும். தேதி நமக்கு மட்டுமா தெரியும்? விற்பவனுக்கும் தெரியும். புயல் எச்சரிக்கை வந்த பிறகு படகுக்கு இன்சூரன்ஸ் எடுக்கப் போனால் பழைய பிரீமியத்துக்கா கொடுப்பான்?

கால் ஆப்ஷன் என்பது குறிப்பிட்ட விலையில் வாங்கும் உரிமை, புட் என்பது விற்கும் உரிமை. அந்தக் குறிப்பிட்ட விலைதான் ஸ்டிரைக். உரிமைக்குக் கொடுக்கும் தொகை பிரீமியம். ஆப்ஷன் முடிவதற்குள் குறியீடு எவ்வளவு தூரம் ஆடும் என்ற எதிர்பார்ப்பைப் பொறுத்தே பிரீமியம் அமையும். ஏறுமா இறங்குமா என்பது விற்பவனுக்கு இரண்டாம் பட்சம்.

குறியீடு 4000 என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நாளில் அதன் ஆட்டம் 1 சதவீதம் (நம் கணிதப் பாடத்தில் வரும் திட்ட விலக்கம்தான்). எண் வெளிவரும் நாளில் 2.5 சதவீதம். ஆப்ஷன் முடிய 5 நாள், அதில் முதல் நாளே எண் வருகிறது. மொத்த ஆட்டம் எவ்வளவு? நான்கு நாளுக்கு 4, கூட 2.5 என்று சேர்த்து 6.5 போடக் கூடாது. மின்னியல் பிரிவு நண்பர்களுக்கு இது புதிதல்ல. தொடர் இணைப்பில் ரெசிஸ்டன்ஸையும் ரியாக்டன்ஸையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்துத்தானே இம்பீடன்ஸ் காண்கிறோம்? இங்கேயும் அதேதான். நான்கு சாதாரண நாளுக்கு 4, எண் நாளுக்கு 6.25, ஆக 10.25. வர்க்கமூலம் 3.2 சதவீதம், அதாவது 128 புள்ளி. 4000 ஸ்டிரைக் ஆப்ஷனின் விலை, வட்டியை விட்டுவிட்டால், இதில் சுமார் 0.4 பங்கு. கால் 51, புட் 51.

இப்போது எண் வந்துவிட்டது. அந்த 6.25 கணக்கிலிருந்து ஒரேயடியாகக் காலி! மிச்சம் 4, வர்க்கமூலம் 2 சதவீதம், 80 புள்ளி. குறியீடு நகரவே இல்லை என்றால் இரண்டும் 32-க்கு வந்து நிற்கும். ஒரே காலையில் ஆளுக்கு 19 புள்ளி ஆவி.

குறியீடு 40 புள்ளி ஏறி 4040 ஆனால்? இயல்நிலைப் பரவல் சூத்திரத்தில் போட்டால் 4000 கால் 56 வருகிறது. 40 புள்ளி ஏற்றத்துக்கு லாபம் வெறும் 5. ஆனால் நம்மவர்கள் 4000 காலா வாங்குகிறார்கள்? "காசு கம்மியா இருக்கே" என்று 4100 ஸ்டிரைக்கைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். முதல் நாள் அதன் விலை 16. குறியீடு 40 புள்ளி ஏறிய பிறகு பத்தரை. திசை சரி, மூன்றில் ஒரு பங்கு பணம் போச்சு. என் நண்பனுக்கு நடந்தது இதுதான்.

சரி, எந்தப் பக்கம் போனாலும் பரவாயில்லை என்று கால், புட் இரண்டையும் 102 கொடுத்து வாங்கலாமா? குறியீடு 2.5 சதவீதம், அதாவது 100 புள்ளி நகர்ந்தால் இரண்டும் சேர்ந்து 108. விற்பவன் எதிர்பார்த்த அளவு முழுக்க ஆடியும் மிச்சம் 6 புள்ளிதான், அதிலும் தரகு, வரி போகணும். எனவே வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, விலையில் ஏற்கெனவே வைத்திருப்பதைவிட அதிகமாக ஆடுமா என்பதே. அதற்குப் பதில் இல்லாதவர் வாங்காமல் இருப்பது மேல்.

"அப்ப நாமே வித்துட வேண்டியதுதானே!" என்று ஒரு குரல் கேட்கிறது. 102 வாங்கிக்கொண்டு இரண்டையும் விற்றவருக்கு நவம்பர் 10 மாதிரி 5.5 சதவீதம் வந்தால் 220 புள்ளி கொடுக்கணும். கைநட்டம் 118. ஸ்டாப் லாஸ் போட்டிருக்கிறேன் என்பார். எண் வருவது 8.30-க்கு, நியூயார்க் பங்குச் சந்தை திறப்பது 9.30-க்கு. இடையில் பியூச்சர்ஸ் சந்தை நொடியில் தாவிவிடும். விலை படிப்படியாக இறங்கி வந்தால்தான் ஸ்டாப் லாஸ் பிடிக்கும், நடுப்படிகளே இல்லாதபோது எதைப் பிடிக்க?

2022 நிதியாண்டு முதல் 2024 நிதியாண்டு வரை மூன்று ஆண்டுகளை ஆராய்ந்த செபி, பியூச்சர்ஸ் ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது. மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இவர்களில் எத்தனை பேர் திசையைச் சரியாகச் சொன்னார்களோ!

கடைசியாக ஒரு பயிற்சி. இரண்டாம் நாள் முடியும் ஆப்ஷன் விலையிலிருந்து கண்ட மொத்த ஆட்டம் 1.41 சதவீதம். மூன்றாம் நாள் முடியும் ஆப்ஷனில் 2.87. எண் வருவது மூன்றாம் நாள். அந்த ஒரு நாளுக்கு விற்பவர்கள் எவ்வளவு ஆட்டம் வைத்திருக்கிறார்கள்? 2.5 வர வேண்டும். 1.46 வந்தால், வர்க்கப்படுத்தாமலே கழித்துவிட்டீர்கள்.