வால்வு மாத்திரை கிடைக்காத நாளில்

மதுரை

அன்புள்ள கவிதாவுக்கு,

மாமா எழுதுவது. திண்டுக்கல்லில் எந்த மெடிக்கலில் கேட்டாலும் என் அக்காவின் வால்வு மாத்திரை ஸ்டாக் இல்லை என்கிறார்கள் என்று போனில் சொன்னாய். நீ இருந்த பதற்றத்தில் நான் சொன்னது பாதிகூட மனதில் நின்றிருக்காது. அதனால்தான் எழுதுகிறேன், பக்கத்தில் வைத்துக்கொள். ஒரு வாரத்துக்கு மாத்திரை இருக்கிறது என்றாய் அல்லவா? தேடுவதற்கு அது போதுமான நேரம்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொண்டால் இரண்டு வாரம் ஓட்டலாமே என்று அக்காவே யோசனை சொல்லும். சிக்கனம் எங்கள் வீட்டுச் சொத்து. காதில் வாங்காதே. அந்த மாத்திரையில் இருக்கும் அசெனோகூமரால் உடம்பில் அதிக நேரம் தங்கும் மருந்து இல்லை. இதே வேலையைச் செய்யும் வார்ஃபரின் என்றால் விட்ட பிறகும் சில நாள் தாக்குப்பிடிக்கும். இது அதைவிடச் சீக்கிரம் கழிந்துவிடும். அக்காவின் இதயத்தில் வைத்திருக்கும் உலோக வால்வின் மேல் ரத்தம் கட்டினால் வால்வு இறுகலாம், கட்டி மூளைக்கும் போகலாம். ஒரு வேளை தவறிவிட்டால் மறுநாள் இரண்டாகக் கொடுப்பதும் கூடாது.

இனி தேடுகிற வழி. நீ போய்க் கேட்பது கம்பெனி வைத்த பெயரை. கடைக்காரர் அந்தப் பெயர் இல்லை என்றுதான் சொல்கிறார், மருந்தே இல்லை என்று சொல்லவில்லை. அதே மருந்து வேறு கம்பெனிப் பெயரில் அவர் அலமாரியிலேயே இருக்கலாம். அப்படியானால் எடுத்துத் தர வேண்டியதுதானே என்பாய். சட்டம் விடாது. இது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத ஷெட்யூல் எச் மருந்து; அதைச் சீட்டில் எழுதியபடிதான் தர வேண்டும், உள்ளே இருப்பது அதே மருந்தாக இருந்தாலும் கடைக்காரராக மாற்றித் தரக்கூடாது என்று 1945ஆம் வருடத்து மருந்து விதிகளில் இருக்கிறது. மெடிக்கல் கவுண்டரில் நின்ற காலத்தில் இதைச் சொல்லி நான் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. ஆகையால் நாளைக்கே டாக்டரைப் பார்த்து, மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதி வேறு சீட்டு வாங்கிக்கொள். 2 மில்லிகிராம் கிடைக்காவிட்டால் 1 மில்லிகிராமில் இரண்டு கொடுக்கலாமா என்று கேட்டு, அதையும் அதே சீட்டில் எழுதித் தரச் சொல். 4 மில்லிகிராமை வாங்கிக் கத்தியால் நறுக்கும் வேலை மட்டும் வேண்டாம். இந்த மருந்தில் துளி கூடினால் ரத்தக்கசிவு, துளி குறைந்தால் ரத்தக்கட்டு.

தெருமுனைக் கடைகளில் அலைந்து காலை ஓய்த்துக்கொள்ளாதே. அந்தத் தெருவில் இதைச் சாப்பிடுகிறவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள், அதற்குத் தக்கபடிதான் கடையில் வைத்திருப்பார்கள். இதய ஆபரேஷன் நடக்கும் ஆஸ்பத்திரிகளின் உள்ளேயே இருக்கும் மருந்தகத்தில் முதலில் கேள். அடுத்து, வழக்கமாக வாங்கும் கடைக்காரரிடம் ஸ்டாக்கிஸ்டுக்கு உன் எதிரிலேயே போன் போடச் சொல். “நாளைக்கு வந்துரும்” என்பது கடைக்காரரின் வாய்ப்பழக்கம், நானும் சொன்னவன்தான். எதிரில் போட்ட போனில் உண்மை தெரிந்துவிடும். அரசு மருத்துவக் கல்லூரி இதயப் பிரிவிலும், மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டிலும் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பார். ஆன்லைனில் வாங்குவதானால் சீட்டைக் கேட்கிற, பில் தருகிற இடத்தில் மட்டும் வாங்கு. பில் இல்லாமல் இரட்டை விலைக்குத் தருகிறேன் என்பவனிடம் போகாதே. அட்டையில் பேட்ச் எண், காலாவதித் தேதி இரண்டையும் பார்த்த பிறகே காசை எடு.

ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். டெஸ்ட் வேண்டாத புது மாத்திரை வந்திருக்கிறது, அதற்கு மாறிவிடலாமே என்று யாராவது சொல்லக்கூடும். வேறு சில இதய நோய்களுக்கு அது நல்ல மருந்துதான். உலோக வால்வுக்கு ஆகாது. டாபிகாட்ரான் என்ற மருந்தை இப்படி வால்வு வைத்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் ரத்தக்கட்டும் ரத்தக்கசிவும் கூடிப்போய், ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். அதன் முடிவு 2013இல் வெளியானது. வார்ஃபரினுக்கு மாற்றுவதென்றாலும் டாக்டர்தான் மாற்ற வேண்டும், ஏனென்றால் இதன் மில்லிகிராமும் அதன் மில்லிகிராமும் சமமல்ல.

கம்பெனி மாறினாலும் டாக்டரிடம் கேட்டுச் சில நாளில் ஐ.என்.ஆர். டெஸ்ட் எடுத்துவிடு. பழைய அட்டையும் புது அட்டையும் ஒரே டப்பாவில் கிடக்கக் கூடாது. அக்கா இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடும். வால்வின் டிக் டிக் சத்தம் அக்காவுக்குப் பழகிப்போன ஒன்று. அது மங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ மாத்திரைத் தேடலை விட்டுவிட்டு 108க்கு போன் செய்.

ஊர் முழுக்கவே இல்லையென்றால் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்துக்குப் புகார் செய்யலாம். மருந்துத் தட்டுப்பாட்டையும் அவர்கள் கவனிக்கிறார்கள். அதில் நாளைக்கே மாத்திரை வந்துவிடாது, ஆனாலும் செய்.

புதுச் சீட்டு கைக்கு வந்ததும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. இங்கே எனக்குத் தெரிந்த ஏஜென்சிகளில் கேட்கிறேன். கிடைத்தால் பில்லோடு திண்டுக்கல் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். வண்டி எண்ணைச் சொல்கிறேன், நீ ஸ்டாண்டுக்கு வந்து வாங்கிக்கொள். அடுத்த மாதத்திலிருந்து பத்து நாள் மாத்திரை மிச்சம் இருக்கும்போதே கடைக்குப் போ.

அக்காவிடம் நான் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
மாமா