கையெழுத்துப் போடுவதற்கு முன்

வேலை தேடுவது எப்படி, இண்டர்வியூவில் எப்படிப் பேசுவது என்று சொல்லித்தர நிறைய பேர் இருக்கிறார்கள். ஒரு வேலையிலிருந்து வெளியே வருவது எப்படி என்று சொல்லித்தர ஆள் குறைவு. இந்த மாதப் பாடம் அதுதான்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரிக்பீல்ட்ஸில் வகுப்பு முடிந்து தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தோம். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வரும் தம்பி ஒருவன் போனை நீட்டினான். "அண்ணே, நாளைக்கு இதுல சைன் பண்ணச் சொல்றாங்க. பண்ணலைன்னா ரெக்கார்டு கெட்டுப் போயிடுமாம்."

துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் 6 வருடமாக வேலை செய்கிறான். கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள். ஆனால் அந்தக் கடிதத்தில் ஆள்குறைப்பு என்ற பேச்சே இல்லை. 'என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன்' என்று மலாயில் அழகாக டைப் அடித்து, அவன் பெயரையும் போட்டு, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

அந்த ஒரு வரி எவ்வளவு பெறும் என்று அங்கேயே கணக்குப் பார்த்தோம். அவன் சம்பளம் 2,500 வெள்ளி. ஆள்குறைப்பில் வேலை போனால், மாதம் 4,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குபவருக்கு 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி இழப்பீடு உண்டு. ஒரு வருடம் முடித்திருக்க வேண்டும். 2 வருடத்துக்குக் குறைவென்றால் வருடத்துக்கு 10 நாள் சம்பளம், 2 முதல் 5 வருடத்துக்குள் என்றால் 15 நாள், அதற்கு மேல் 20 நாள். அவனுக்கு 120 நாள் சம்பளம் வருகிறது. ஏறக்குறைய 9,800 வெள்ளி. நோட்டீஸ் காலமும் 8 வாரம். உடனே போகச் சொன்னால் அதற்கும் காசு கொடுக்க வேண்டும்.

அடுத்தது பெர்கேசோ. 2018 ஜனவரி முதல் நம் சம்பளத்தில் 0.2 விழுக்காடு வேலை காப்புறுதித் திட்டத்துக்குப் பிடிக்கிறார்கள், முதலாளியும் அதே அளவு கட்டுகிறார். சம்பளச் சீட்டில் 'எஸ்.ஐ.பி.' அல்லது 'இ.ஐ.எஸ்.' என்று சின்னதாக ஒரு வரி இருக்கும். வேலை போனால் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்களில் 40, ஐந்தாம் ஆறாம் மாதங்களில் 30. எத்தனை மாதம் கிடைக்கும் என்பது எவ்வளவு காலம் சந்தா கட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. 6 மாதமும் கிடைத்தால் அவனுக்குச் சுமார் 6,750 வெள்ளி.

"சொந்த விருப்பத்தின் பேரில்" என்று கையெழுத்துப் போட்டால் இரண்டுமே போச்சு. தானாக விலகியவருக்கு இழப்பீடும் இல்லை, பெர்கேசோ உதவித்தொகையும் இல்லை. வி.எஸ்.எஸ். என்று கம்பெனியே அறிவிக்கும் திட்டம் வேறு. அதில் வந்தவர்களுக்குப் பெர்கேசோ உதவி உண்டு. பெயரில் 'விருப்பம்' என்ற சொல் இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ரெக்கார்டு கெட்டுப் போகும் என்பது வெறும் பூச்சாண்டி. ஆள்குறைப்பு ஒழுங்கு நடவடிக்கை இல்லை. அடுத்த இண்டர்வியூவில் "கம்பெனியில் ஆள் குறைத்தார்கள்" என்று நிமிர்ந்து சொல்லலாம்.

தம்பிக்குச் சொன்னது இவ்வளவுதான். சண்டை வேண்டாம். "வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன், ஒரு காப்பி கொடுங்கள்" என்று மரியாதையாகக் கேள். வேலை எந்தத் தேதியோடு, எந்தக் காரணத்துக்காக முடிகிறது என்று கம்பெனியே கடிதம் தரட்டும். வாட்ஸ்அப்பில் வந்த எதையும் அழிக்காதே.

எங்கள் பாட்டி தோட்டத்தை விட்டு வந்த அன்று ஏதோ ஒரு தாளில் கைநாட்டு வைத்தாராம். அதில் என்ன எழுதியிருந்தது என்று கடைசி வரை அவருக்குத் தெரியாது. அவருக்குப் படிக்கத் தெரியாது. எஸ்.பி.எம். முடித்த நாம் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறோமே, அதுதான் எனக்கு ஆத்திரம்.

தம்பி கையெழுத்துப் போடவில்லை. இரண்டு வாரம் இழுத்தடித்த பிறகு வேறு கடிதம் வந்தது. அவனோடு வேலை செய்த இன்னொருவர் முதல் நாளே போட்டுவிட்டார். மிரட்டி வாங்கிய கையெழுத்து என்றால் அதற்கும் வழி இருக்கிறது: 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவில், வேலை போன 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் புகார் கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை. பெர்கேசோவுக்கு விண்ணப்பிக்கவும் அதே 60 நாள்தான். அவர் எங்களிடம் வந்தபோது 70 நாள் ஆகியிருந்தது.

சரி, யாரும் துரத்தவில்லை, நானே வேலை மாறப் போகிறேன் என்பவர்களுக்கு? தாராளமாக மாறுங்கள். ஆனால் நீங்களாக விலகினால் பெர்கேசோ கை கொடுக்காது என்பதால், குறைந்தது மூன்று மாதச் செலவுக்குப் பணம் வைத்துக்கொண்டு மாறுங்கள். கிரேப் ஓட்டப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சுயதொழில் செய்பவர்களுக்கான பெர்கேசோ திட்டம் வேலை விபத்துக்குத்தான், வருமானம் நின்றால் அது தராது.

பட்டறையில், வெல்டிங்கில் பல வருடம் கை பழகியும் 'சர்டிபிகேட் இல்லையே' என்று அதே சம்பளத்தில் கிடக்கும் அண்ணன்மார் நம் பக்கம் எத்தனை பேர்! திறன் மேம்பாட்டு இலாகாவில் 'பி.பி.தி.' என்று ஒரு முறை இருக்கிறது. மறுபடி முழு நேரம் படிக்க வேண்டாம். இதுவரை செய்த வேலைக்கு ஆதாரம் சேர்த்துக் கொடுத்தால், மதிப்பீட்டாளர் பார்த்து, தகுதி இருந்தால் எஸ்.கே.எம். சான்றிதழ் கிடைக்கும். ஆதாரம் என்றால் வேலை செய்யும்போது எடுத்த போட்டோ, ஜாப் ஷீட், முதலாளியின் கடிதம், சம்பளச் சீட்டு இவைதான். முதலாளியின் கடிதத்தை வேலையில் இருக்கும்போதே வாங்கி வையுங்கள். விட்டு வந்த பிறகு போன் அடித்தால் எடுப்பாரா என்பது அவரவர் முதலாளியைப் பொறுத்தது.