பிரேக்கில் புகும் காற்று: காலிப்பர் மாற்றியபின் செய்யவேண்டியவை

மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் செலுத்தப்படும் அழுத்தம், குறைவின்றி எல்லாத் திசைகளிலும் பரவும் என்பது பாஸ்கல் கண்ட விதி. மோட்டார் வண்டியின் பிரேக்கு இவ்விதியின்படியே இயங்குகிறது. ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது தலைமை உருளையிலுள்ள திரவம் நெருக்கப்படுகிறது. அவ்வழுத்தம் குழாய்களின் வழியே சக்கரங்களை அடைகிறது.

மும்பையின் குர்லாவில் உருவாகி, 2023 அக்டோபர் வரை அந்நகரில் டாக்சியாக ஓடிய பிரீமியர் பத்மினியில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே இருந்தன. இன்றைய கார்களின் முன்சக்கரங்களில் சுழலும் தட்டும், அதனை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் காலிப்பரும் உள்ளன. அமைப்பு மாறினும் விதி மாறவில்லை. காற்றுப் புகுந்தால் விளையும் தீங்கும் மாறவில்லை.

செம்பூரில் ஒருவர் தம் காரின் முன் காலிப்பர்கள் இரண்டையும் வீட்டிலேயே மாற்றினார் எனக் கொள்வோம். எத்தனை முறை காற்றை வெளியேற்றியும் மிதி மெத்தென்றே அமிழ்கிறது. காரணம் யாது? 3 கன சென்டிமீட்டர் காற்று உள்ளே தங்கியிருப்பின், 50 வளிமண்டல அழுத்தத்தில் அது ஏறக்குறைய முற்றிலும் சுருங்கிவிடும். தலைமை உருளையின் விட்டம் 20 மில்லிமீட்டராயின், இதனால் உந்துதண்டு சுமார் 1 சென்டிமீட்டர் தூரம் வீணே நகரும். மிதியின் நெம்புவிகிதம் 4 எனில், மிதியில் அது 4 சென்டிமீட்டராகும்.

அக்காற்று ஏன் வெளியேறவில்லை? பட்டறைகளில் நிப்பிள் எனப்படும் திருகு காலிப்பரின் உச்சியில் இருத்தல் வேண்டும். இடக் காலிப்பரை வலப்புறமும் வலக் காலிப்பரை இடப்புறமும் பொருத்தினால், நிப்பிள் கீழே வந்துவிடும். காற்று மேலே தங்கும். திரவம் மட்டுமே கீழே வழியும். எனவே வேலையைத் தொடங்குமுன் நிப்பிள் உச்சியில் உள்ளதா என்று பார்ப்பதே முதற்கடமை.

இனிச் செய்முறை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு அண்டை கொடுக்கவேண்டும். உயர்த்திய வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பி விடலாகாது, தாங்கிகளின்மேல் அமர்த்தவேண்டும். நிப்பிளில் தெளிவான ரப்பர்க் குழாயைச் செருகி, அதன் மறுமுனையைச் சிறிது பிரேக் திரவமுள்ள குப்பியில் அமிழ்த்துக. துணைவர் மிதியை மெல்ல அழுத்திப் பிடித்திருக்க, நிப்பிளைத் திறக்கவேண்டும். குமிழிகள் வெளிவந்ததும் நிப்பிளை மூடவேண்டும். அதன் பின்னரே மிதியிலிருந்து காலை எடுக்கலாம். இவ்வொழுங்கு பிறழ்ந்தால் காற்று மீண்டும் உட்புகும். குமிழியற்ற திரவம் வரும்வரை இதனைத் திரும்பச் செய்க. இடையிடையே மேற்கலத்தில் திரவம் நிரப்பவேண்டும். அது வற்றினால் உழைப்பெல்லாம் வீண். சக்கரங்களின் வரிசையை வண்டியின் கைநூலில் காண்க. ஏ.பி.எஸ். கருவிக்குள் காற்று புகுந்திருந்தால் பட்டறையின் உதவி தேவைப்படலாம்.

திரவத்தின் தன்மையும் கருதத்தக்கது. பிரேக் ஆயில் என்று வழங்கினும் அது எண்ணெயன்று. பெட்ரோலிய எண்ணெயை ஊற்றினால் ரப்பர் அடைப்புகள் உப்பிக் கெடும். டாட் 3 வகைத் திரவத்தின் கொதிநிலை புதிதாயிருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் அதற்குரிய கீழ்வரம்பு 140 டிகிரியே. மும்பையின் மழைக்கால ஈரக்காற்றில் குப்பியைத் திறந்து வைத்தலும், வடிந்த திரவத்தை மீண்டும் ஊற்றுதலும் தவறு. போர்க் கணவாயில் இறங்குகையில் பிரேக்கு சூடேறும். ஈரமுற்ற திரவம் கொதித்து ஆவியானால், அதுவும் காற்றைப் போலவே சுருங்கி மிதியைப் பயனற்றதாக்கும்.

முடிவில், வண்டியை நகர்த்துமுன் மிதியைப் பலமுறை அழுத்திக் கெட்டிப்படுத்துக. எஞ்சினை நிறுத்தி, அரை நிமிடம் ஊன்றி அழுத்துக. மிதி மெல்லத் தாழ்ந்தால் எங்கோ கசிவு உள்ளது. அல்லது தலைமை உருளை தேய்ந்துள்ளது. அந்நிலையில் வண்டியைத் தெருவிற்குக் கொண்டுவரலாகாது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் காட்டலாம். ஊசியற்ற இரு சிரிஞ்சுகளைச் சிறு குழாயால் இணைத்து நீர் நிரப்பி, ஒன்றை அழுத்தினால் மற்றது உடனே நகரும். சிறிது காற்றை உள்ளே விட்டு, மறுமுனையை விரலால் தடுத்து அழுத்தச் சொல்லுங்கள். கைக்குப் புலனாகும் அந்த மெத்தென்ற உணர்ச்சியை மாணவர் மறவார். நாளை ஒரு வண்டியின் மிதியில் அதே உணர்ச்சி தோன்றினால், அவர்கள் வண்டியை நிறுத்திவிடுவர்.