பழைய டிராக்டர் வாங்குமுன்: பெட்ரோலா, டீசலா?

பணி ஓய்வை நெருங்கும் வாடிக்கையாளர் ஒருவர் அண்மையில் எமது கட்கிக் கிளைக்கு வந்திருந்தார். தமிழகத்தில் தந்தையார் விட்டுச் சென்ற இரண்டு ஏக்கர் நிலத்தைத் தாமே பயிரிட வேண்டும் என்பது அவரது நெடுநாள் விருப்பம். பணிக்கொடையில் மூன்று லட்சம் ரூபாய் எடுத்துப் பழைய டிராக்டர் வாங்க எண்ணியிருந்தார். பெட்ரோல் டிராக்டராயின் பழுது பார்ப்பது எளிது என்று அமெரிக்காவில் வாழும் மகன் கூறினாராம். எதை வாங்கலாம் என்பது அவர் வினா.

மகன் கூறியதில் பிழையில்லை. ஆனால் அது அந்நாட்டுக்குப் பொருந்துவது. அங்கு 1947 முதல் 1952 வரை உற்பத்தியான ஃபோர்டு 8-என் போன்ற பெட்ரோல் டிராக்டர்களைச் சிறு பண்ணையாளர் இன்றும் ஓட்டுகின்றனர். இந்தியாவிலோ, 1959இல் ஃபரீதாபாத்தில் ஐச்சர் நிறுவனம் உற்பத்தியைத் தொடங்கிய நாள்முதல் டீசலே கோலோச்சுகிறது. 1946இல் தொடங்கப்பெற்ற கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் நிறுவனத்தால் கட்கிக்கும் டீசல் எஞ்சினுக்கும் நெடிய உறவு உண்டு.

இரண்டின் இயல்பு

பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் தரும் தீப்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் எஞ்சினில் காற்று மிகுதியாக அழுத்தப்பட்டுச் சூடேறுவதால் எரிபொருள் தானே பற்றுகிறது. அதனால் டீசல் எஞ்சின் குறைந்த எரிபொருளில், குறைந்த வேகத்திலும் வலுவாக இழுக்கும். ஆனால் அதன் இன்ஜெக்டரும் பம்பும் பழுதடைந்தால் செலவு மிகும். பெட்ரோல் எஞ்சின் எளியது. எனினும் இன்றைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதால், மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் கார்புரேட்டர் கெடக்கூடும். நம் சந்தையில் பெட்ரோல் எஞ்சின் பெரும்பாலும் களையெடுக்கும் பவர் வீடர் போன்ற சிறு கருவிகளிலேயே கிடைக்கிறது.

வாங்குமுன் காண வேண்டியவை

எஞ்சின் குளிர்ந்திருக்கையில் இயக்கிப் பாருங்கள். நீலப் புகை, எஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும். கரும்புகை, காற்று போதாமையையோ டீசல் மிகுதியையோ குறிக்கும். சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காவிடில் மெக்கானிக்கின் ஆலோசனையின்றி வாங்காதீர்கள். பழைய கலப்பையைப் பூட்டி உழுது பார்ப்பதும் நலம்.

பதிவுச் சான்றில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருப்பின், கடன் தீர்ந்ததற்கான சான்றும் படிவம் 35உம் பெற்று அப்பதிவை நீக்கச் செய்யுங்கள். உரிமை மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30 தேவை. வேறு மாநிலத்துக்குக் கொண்டு செல்வதாயின் படிவம் 28 வழியாகத் தடையின்மைச் சான்றும் பெற வேண்டும். பதிவின் 15 ஆண்டுக் காலம் முடிந்ததா என்பதையும், காப்பீடு நடப்பில் உள்ளதா என்பதையும் பாருங்கள்.

கணக்கு சொல்வது

ஒரு மாதிரிக் கணக்கு: மூன்று லட்சம் ரூபாயை வைப்பில் இட்டால் 7 விழுக்காடு வட்டியில் ஆண்டுக்கு ரூ.21,000 கிடைக்கும், டிராக்டர் வாங்கினால் அதை இழப்போம். மதிப்புக் குறைவு ரூ.24,000, காப்பீடும் பழுதும் ரூ.20,000 எனக் கொண்டால், ஓடினாலும் நின்றாலும் ஆண்டுச் செலவு ரூ.65,000. ஓட்டும் ஒவ்வொரு மணிக்கும் எரிபொருள் முதலியன ரூ.400. ஓட்டுநருடன் வாடகை மணிக்கு ரூ.1,200 எனில், சொந்த டிராக்டர் மணிக்கு மிச்சப்படுத்துவது ரூ.800. ஆக, ஆண்டுக்கு ஏறத்தாழ 81 மணி நேரத்துக்கு மேல் ஓடினால்தான் வாங்குவது ஆதாயம்.

நம் வாடிக்கையாளரின் நிலத்துக்கு ஆண்டுக்கு 20 மணி நேர வேலையே உண்டு. வாடகைக்கு ரூ.24,000, சொந்தமாயின் ரூ.73,000. வேறுபாடு ரூ.49,000! உங்கள் ஊர் வாடகையையும் வேலை நேரத்தையும் இட்டு இக்கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். அக்கம்பக்கத்தார் நிலத்தையும் உழுது கொடுக்க இயலுமாயின் விடை மாறும்.

தமிழகத்தில் வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களை உழவன் செயலி வழியாகவும் வாடகைக்குப் பெறலாம். நம் வாடிக்கையாளர் உழவுக்கு வாடகை டிராக்டர், களைக்குச் சிறிய பெட்ரோல் பவர் வீடர் என முடிவு செய்தார். பணிக்கொடையின் பெரும்பகுதி வைப்பிலேயே இருக்கிறது. நிலத்தின் மீதுள்ள ஆசை நல்லதே. அவ்வாசை முதுமைக்கு வைத்த முதலை உழுதுவிடாமல் காப்பது நம் கடமை.