சிஸ்டர் மாறினால் நிதி என்னவாகும்?

கேள்வி: எங்கள் கத்தோலிக்கப் பள்ளியில் கட்டட நிதிக்கென வருடாவருடம் பிள்ளைகளிடம் கூப்பன் புத்தகம் கொடுத்தனுப்புகிறார்கள். இப்போது தலைமையாசிரியை சிஸ்டருக்கு மாற்றல். நாங்கள் கொடுத்த பணம் என்னவாகும்?
– ஒரு தாய், கிழக்குத் தாம்பரம்

பதில்: மாற்றல் அவர்களுடைய துறவற சபையின் முடிவு, அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. சிறுபான்மைக் கல்வி நிறுவனம் தன் தலைவரைத் தானே தேர்ந்துகொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றமும் 2006-இல் உறுதிசெய்தது.

பணம் வேறு விஷயம். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1267-ஆம் பிரிவுப்படி, ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும். கட்டடத்துக்கு வாங்கியதில் புது சிஸ்டர் பேருந்து வாங்க முடியாது. விசுவாசிகள் கொடுத்ததற்கு அவர்களிடம் கணக்குக் காட்டச் சொல்கிறது 1287-ஆம் பிரிவு. எனவே புதியவர் பொறுப்பேற்றதும் பெற்றோர் கூட்டத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் செங்கல்பட்டு மறைமாவட்ட ஆயருக்கு எழுதலாம். சபைகள் நடத்தும் பள்ளிகளையும் கண்காணிக்கும் உரிமை அவருக்கு உண்டு.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நன்கொடை கட்டாயமில்லை. 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி, கட்டண நிர்ணயக் குழு நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் தனியார் பள்ளிகள் வசூலிக்கக்கூடாது. கூப்பன் விற்காத பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்தினால், அன்றே போய்க் கேளுங்கள்.