பேய் வராத அறையில் ஏன் பயம்?
காணொளி விளையாட்டுகளின் திகிலுக்குப் பின்னால் உள்ள அறிவியல்

ஒரு நீண்ட நடைவழி. அதன் கடைசியில் ஒரு கதவு. விளக்கு மங்கலாக எரிகிறது. எங்கோ மரப்பலகை கிறீச்சிடுகிறது. அவ்வளவுதான். பேயும் இல்லை, ரத்தமும் இல்லை. ஆனாலும் விளையாடுபவரின் உள்ளங்கை வியர்த்திருக்கிறது. கட்டைவிரல் பொத்தானை அழுத்தத் தயங்குகிறது. திரையில் இருப்பவை வெறும் ஒளிப்புள்ளிகள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஏன் இந்த நடுக்கம்?

படிவம் மூன்று அறிவியலில் தூண்டலும் துலங்கலும் பாடம் நடக்கும்போது, "விளையாட்டுதானே டீச்சர், அப்புறம் ஏன் நெஞ்சு இப்படி அடிக்குது?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. இதற்கு விடை தேடினால் நரம்பு மண்டலம், சுரப்பிகள், கணிதத்தில் வரும் நிகழ்தகவு மூன்றையும் தொட வேண்டியிருக்கும்.

பயம் வேறு, திகில் வேறு

பாதையில் பாம்பைப் பார்க்கிறீர்கள். அது பயம். எதற்குப் பயப்படுகிறோம் என்று தெரியும், ஓடலாம், விலகலாம். இப்போது, பாதையோரப் புல் அசைகிறது, ஆனால் ஒன்றும் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாம்பாக இருக்கலாம், காற்றாகவும் இருக்கலாம். ஓடுவதா, நிற்பதா? இந்த இரண்டாவது நிலைதான் திகில். பயத்துக்கு ஒரு பொருள் வேண்டும். திகிலுக்கு ஒரு கேள்வியே போதும். நல்ல திகில் விளையாட்டுகள் பாம்பைக் காட்டுவதைவிடப் புல்லை அசைப்பதில்தான் அதிகக் கவனம் செலுத்துகின்றன.

உடலுக்குள் இரண்டு பாதைகள்

மூளையின் ஆழத்தில் வாதுமைக் கொட்டை வடிவில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. அபாய எச்சரிக்கை தருவதில் அதற்குப் பெரும் பங்குண்டு. எலிகளை வைத்து ஆராய்ந்த அமெரிக்க நரம்பறிவியலாளர் ஜோசப் லெடூ, ஓர் ஒலி இரண்டு வழிகளில் அமிக்டலாவை அடைவதைக் காட்டினார். ஒன்று, தலாமஸ் பகுதியிலிருந்து நேராகச் செல்லும் குறுக்குவழி. இது வேகமானது, ஆனால் தகவல் தெளிவில்லாதது. மற்றொன்று, பெருமூளைப் புறணி வழியாகச் செல்லும் சுற்றுவழி. இது சற்றுத் தாமதமானது, ஆனால் விவரமானது.

"இது விளையாட்டு" என்று ஆராய்ந்து சொல்வது பெருமூளைப் புறணி. அது சொல்லி முடிப்பதற்குள் எச்சரிக்கை மணி அடித்துவிடுகிறது. அட்ரினல் சுரப்பி அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, கண்மணி விரிகிறது, தோல் வியர்க்கிறது. ஆபத்து பொய்யாக இருக்கலாம்; அட்ரினலின் மெய்.

ஆனால் இது திடுக்கிடுவதை மட்டுமே விளக்குகிறது. ஒன்றும் நடக்காத நடைவழியில் பத்து நிமிடம் நீடிக்கும் திகிலை விளக்க வேறொன்று தேவை.

கல்லுக்கு அடியில் பாம்பு

2016ஆம் ஆண்டு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். சோதனைக்கு அவர்கள் பயன்படுத்தியதே ஒரு கணினி விளையாட்டுதான். 45 தன்னார்வலர்கள் திரையில் தெரியும் கற்களுக்கு அடியில் பாம்பு இருக்குமா, இராதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் சிறிது வலி தரும் மின்னதிர்ச்சி கிடைக்கும். பாம்பு இருக்கும் வாய்ப்பு மாறிக்கொண்டே இருந்தது. அவர்களின் கண்மணி விரிவையும் வியர்வையையும் ஆய்வாளர்கள் அளந்தனர்.

யாருக்கு மன அழுத்தம் உச்சத்தில் இருந்திருக்கும்? மின்னதிர்ச்சி உறுதி என்று தெரிந்தவர்களுக்கு என்றுதான் பலரும் நினைப்போம். அப்படி இல்லை. வாய்ப்பு 50 விழுக்காடாக இருந்தபோதுதான் அழுத்தம் உச்சத்தைத் தொட்டது. வலி நிச்சயம் என்று தெரிந்த நிலையைவிட, வருமோ வராதோ என்ற நிலை அதிக அழுத்தம் தந்தது.

இதைக் கணக்காகவும் போட்டுப் பார்க்கலாம். ஒன்று நடக்கும் வாய்ப்பையும் நடக்காத வாய்ப்பையும் பெருக்குங்கள். நிச்சயமாக நடக்கும் என்றால் 1 × 0 = 0. பத்தில் ஒன்பது முறை நடக்கும் என்றால் 0.9 × 0.1 = 0.09. பாதிக்குப் பாதி என்றால் 0.5 × 0.5 = 0.25. இதற்கு மேல் இந்த எண் போகாது. நிச்சயமின்மையின் உச்சம் சரிபாதியில் இருக்கிறது.

மூளை ஓயாமல் அடுத்தது என்ன என்று கணக்குப் போடுகிறது. விடை கிடைத்தால் அமைதியாகிறது. கிடைக்காவிட்டால் உடலை ஆயத்த நிலையிலேயே வைத்திருக்கிறது. திகில் விளையாட்டை உருவாக்குபவரின் வேலை, அந்தக் கணக்கு முடியாமல் பார்த்துக்கொள்வதுதான். அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதற்கு நான்கு எடுத்துக்காட்டுகள்.

மூடுபனியும் வானொலியும்

ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1999ஆம் ஆண்டு பிளேஸ்டேஷன் கருவிக்காக வெளியிட்டது 'சைலண்ட் ஹில்'. காணாமல் போன மகளைத் தேடி ஒரு தந்தை வெறிச்சோடிய நகரில் அலைகிறார். நகர் முழுவதும் மூடுபனி. அந்தப் பனிக்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. தொலைவில் உள்ள கட்டடங்களையெல்லாம் வரைந்து காட்டும் ஆற்றல் அன்றைய கருவிக்கு இல்லை. அந்தக் குறையைப் பனியால் மறைத்தார்கள். குறையை மறைக்க வந்த பனியே விளையாட்டின் உயிராகிவிட்டது. சில அடிகளுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது ஒவ்வோர் அடியும் ஒரு கேள்வி.

தந்தையின் கையில் ஒரு சிறிய வானொலி இருக்கும். அரக்கர்கள் அருகில் வந்தால் அது இரையத் தொடங்கும். இங்கே ரஷ்ய அறிவியலாளர் பாவ்லோவை நினைவுகூரலாம். ஓர் ஒலியைக் கேட்டபின் உணவு கிடைத்துப் பழகிய நாய்க்கு, நாளடைவில் அந்த ஒலி கேட்டாலே எச்சில் ஊறியது. அதுபோலவே, சில முறை இரைச்சலுக்குப் பின் அரக்கன் வந்துவிட்டால், பிறகு வெறும் இரைச்சலே நாடித்துடிப்பை ஏற்றும். அதிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. ஏதோ ஒன்று அருகில் இருக்கிறது என்பதை வானொலி சொல்லும். எந்தத் திசையில் என்பதைச் சொல்லாது. பாதித் தகவல், முழுத் திகில்.

தண்ணீரில் தெறிக்கும் ஓசை

சுவீடனின் ஃபிரிக்ஷனல் கேம்ஸ் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட 'அம்னீசியா: தி டார்க் டிசென்ட்' விளையாட்டில் ஆயுதமே கிடையாது. ஓடலாம், ஒளியலாம். இருட்டில் நின்றால் கதைநாயகனின் மனநிலை தடுமாறும். விளக்கேற்றினால் அரக்கன் நம்மைக் கண்டுகொள்ளும். அரக்கனை உற்றுப் பார்த்தாலும் மனநிலை குலையும். ஆகவே, துரத்துவது எது என்று பார்த்துத் தெரிந்துகொள்ளும் வழியை விளையாட்டின் விதியே அடைத்துவிடுகிறது.

அதில் வெள்ளம் தேங்கிய ஒரு நிலவறை வரும். அங்குள்ள அரக்கன் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் தெறிப்பது மட்டும் நம்மை நோக்கி நெருங்கி வரும். உருவத்தை வரைய வேண்டிய வேலையை மூளையிடமே ஒப்படைத்துவிட்டார்கள். அவரவர் மூளை அவரவருக்கு மிகவும் பயமானதை வரைந்துகொள்கிறது.

ஒலிக்கு இன்னொரு பங்கும் உண்டு. மனித அலறலில் ஒலியின் அளவு நொடிக்கு 30 முதல் 150 முறை ஏறி இறங்குவதையும், இந்தக் கரகரப்பு அமிக்டலாவைத் தூண்டுவதையும் 2015ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சாதாரணப் பேச்சில் ஏற்ற இறக்கம் நொடிக்குச் சில முறைதான். உலோகம் உரசும் ஒலியும் இரைச்சலும் நம்மைக் கலங்கடிப்பதற்கு அவற்றின் கரகரப்பும் ஒரு காரணம்.

வேட்டையாடும் நிரல்

2014ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கிரியேட்டிவ் அசெம்பிளி உருவாக்கிய 'ஏலியன்: ஐசோலேஷன்', 1979ஆம் ஆண்டின் 'ஏலியன்' திரைப்படத்தைத் தழுவியது. ஒரு விண்வெளி நிலையம், கொல்லவே முடியாத ஒரு வேற்றுலக உயிரி. அதை இயக்குவது ஒன்றல்ல, இரண்டு நிரல்கள். ஒன்றுக்கு நீங்கள் இருக்கும் இடம் எப்போதும் தெரியும். ஆனால் அது உயிரியிடம் சரியான இடத்தைச் சொல்லாது. 'அந்தப் பக்கம் போய்ப் பார்' என்று மட்டும் குறிப்புத் தரும். உயிரியை இயக்கும் இரண்டாவது நிரல், பார்த்தும் கேட்டும்தான் உங்களைத் தேட வேண்டும்.

இதனால் உயிரி எப்போதும் அருகில் எங்கோ இருக்கும். ஆனால் எங்கே, எப்போது என்பதை மனப்பாடம் செய்ய முடியாது. தோற்று மறுபடி தொடங்கினாலும் அதே வழியில் வராது. நெருக்கடி அளவுக்கு மிஞ்சினால் அதைச் சற்று விலகிப் போகவும் விடுவார்கள். ஏன்? எப்போதும் பக்கத்திலேயே நின்றால் அது நிச்சயமாகிவிடும். வரவே வராவிட்டால் அதுவும் நிச்சயம். இரண்டிலும் திகில் குறையும். அந்தச் சரிபாதிக் கணக்கு இங்கே நினைவுக்கு வருகிறதா?

மூச்சுவிட ஓர் அறை

ஒரே தூண்டல் திரும்பத் திரும்ப வந்தால் துலங்கல் குறையும். இதைப் பழகிப்போதல் என்போம். புதுக் கடிகாரத்தின் டிக்டிக் ஓசை சில நாளில் காதில் விழாமல் போவதும் இதனால்தான். திகிலும் அப்படியே. இடைவிடாமல் பயமுறுத்தினால் மூளை பழகிவிடும். கேப்காம் நிறுவனத்தின் 'ரெசிடன்ட் ஈவில்' 1996லேயே இதைக் கையாண்டது. ஆட்டத்தைச் சேமித்து வைக்கத் தட்டச்சுப் பொறி உள்ள அறைகள், அங்கே மென்மையான இசை. நாடித்துடிப்பு இறங்குகிறது. ஆனால் கதவைத் திறந்து வெளியே போயே ஆக வேண்டும். அந்தக் கதவு மெதுவாகத் திறப்பதை ஒவ்வொரு முறையும் சில நொடிகள் காட்டுவார்கள். அடுத்த அறையின் தகவலைக் குறுந்தட்டிலிருந்து படிக்க அந்த நேரம் தேவைப்பட்டது. காத்திருப்பும் திகிலாயிற்று.

தெரிந்துகொண்டால் என்ன பயன்?

முதலாவது, தூக்கம். அட்ரினலின் சில நிமிடங்களில் தணிந்துவிடும். ஆனால் கார்டிசோல் என்ற மற்றொரு சுரப்புநீர், நெருக்கடி தொடங்கி 20, 30 நிமிடங்கள் கழித்துத்தான் உச்சத்தை எட்டும். ஆட்டத்தை மூடிவிட்டு உடனே படுத்தால் தூக்கம் வராமல் புரள்வதில் வியப்பில்லை. படுக்கப் போகுமுன் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

இரண்டாவது, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் தம்பி தங்கைகள். ஆட்டத்தை நிறுத்தும் பொத்தான் உங்கள் கையில் இருக்கிறது, அவர்கள் கையில் இல்லை. 'இது பொய்' என்று ஆராய்ந்து அமைதிப்படுத்தும் மூளைப் பகுதி அவர்களுக்கு உங்களைவிடக் குறைவாகவே வளர்ந்திருக்கிறது. அட்டையில் போட்டிருக்கும் வயது வரம்பு வெறும் அலங்காரம் அல்ல. பெற்றோரும் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். பாம்புச் சோதனையில் இன்னொன்றும் தெரியவந்தது. நிச்சயமின்மை கூடும்போது அழுத்தம் கூடி, குறையும்போது குறைந்தவர்கள், எந்தக் கல்லுக்கு அடியில் பாம்பு என்பதை மற்றவர்களைவிடச் சரியாக ஊகித்தார்கள். ஆக, உள்ளங்கை வியர்ப்பது கோழைத்தனம் அல்ல. தெரியாத ஒன்றைக் கற்றுக்கொள்ள மூளை விழித்திருக்கிறது என்று பொருள். நண்பனைப் 'பயந்தாங்கொள்ளி' என்று கேலி செய்யுமுன் இதை நினைத்துப் பாருங்கள்.

எஸ்பிஎம் தேர்வு முடிவுக்கு முந்தைய இரவு பலருக்குத் தூக்கம் வராததும் இதே கணக்குதான். முடிவை நம்மால் முன்கூட்டியே அறிய முடியாது. ஆனால் இந்த மதிப்பெண் வந்தால் இந்த வழி, அது வராவிட்டால் அந்த வழி என்று இரண்டையும் தாளில் எழுதிவைக்கலாம். தெரியாதவற்றின் பட்டியல் சுருங்கச் சுருங்க மூளையின் கணக்கும் சுருங்கும். அதே விளையாட்டை மூன்றாம் முறை ஆடும்போது நடைவழி வெறும் நடைவழியாகிவிடுவதைக் கண்டிருப்பீர்கள். அங்கே விளக்கு கூடுதலாக எரியவில்லை. கதவுக்குப் பின்னால் என்ன என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

செய்து பாருங்கள்

தேவையானவை: உங்கள் வயதுக்கு ஏற்ற திகில் விளையாட்டின் ஐந்து நிமிடக் காணொளி, கடிகாரம், நான்கு நண்பர்கள்.

1. ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்தபின் நாடித்துடிப்பை 30 நொடிக்கு எண்ணி, இரண்டால் பெருக்குங்கள்.
2. இருவர் காணொளியை ஒலியுடன் பார்க்கட்டும். மற்ற இருவர் ஒலியில்லாமல் பார்க்கட்டும். முடிந்தவுடன் நாடித்துடிப்பை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.
3. பத்து நிமிடம் ஓய்வெடுத்து, முறையை மாற்றிச் செய்யுங்கள்.

தற்சார்பு மாறி எது? சார்பு மாறி எது? கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் எவை? நால்வரும் ஒலியுடன் முதலில் பார்க்காமல், இருவர் மட்டும் அப்படித் தொடங்குவது ஏன்? கடைசிக் கேள்விக்கான விடை இந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது.