சுகமான பிறகும் வலிக்கிறதே, ஏன்?

இந்த மாதப் பாடத்துக்கு வேதத்தில் இரண்டு பகுதிகளை வாசித்துவிட்டு உட்காருங்கள்: ஆதியாகமம் 32:24-31, மாற்கு 5:35-43.

நம் சபையில் புற்றுநோய்க்கு வைத்தியம் எடுத்துப் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆபரேஷன், கீமோ, கரண்ட் வைப்பது எல்லாவற்றையும் கடந்து வந்து சாட்சி சொன்னார்கள். நாமும் கைதட்டி ஸ்தோத்திரம் செலுத்தினோம். ஆனால் சாட்சிக்குப் பிறகு அவர்கள் படும் பாடு பலருக்குத் தெரியாது. மார்பில் ஆபரேஷன் செய்த ஒரு சகோதரி என்னிடம் சொன்னார்: "பாஸ்டர், எல்லார் முன்னாடியும் சுகம்னு சாட்சி சொல்லிட்டேன். இப்ப கை வீங்குதுன்னு சொன்னா என்ன நெனைப்பாங்க? அதான் சேலைத் தலைப்பால மூடிக்கிட்டு வர்றேன்."

தேவபிள்ளைகளே, வீங்கிய கையை மறைக்க வேண்டிய இடமா சபை?

1. வைத்தியம் விட்டுச் செல்லும் தழும்புகள்

1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய நாட்களில், இந்த நோய் என்றாலே முடிவு என்று ஜனங்கள் நினைத்தார்கள். இன்று அநேகர் பிழைத்துப் பல வருஷங்கள் வாழ்கிறார்கள். ஆனால் நோயை அழிக்கிற மருந்தும் கதிரும் நல்ல சதையையும் கொஞ்சம் தொட்டுவிட்டுத்தான் போகும்.

அக்குளில் நெரிகட்டிகளை எடுத்தால் நிணநீர் வடிய வழி குறைந்து கை வீங்கலாம். சில வருஷம் கழித்தும் வரும். சில கீமோ மருந்துகள் நரம்பைத் தொடும். விரலும் பாதமும் மரத்துப்போகும், காதில் இரைச்சல் கேட்கும். வாய், தொண்டையில் கரண்ட் வைத்தவர்களுக்கு உமிழ்நீர் வற்றும், பல் சொத்தையாகும், பிறகு தைராய்டும் குறையலாம். கர்ப்பப்பை வாயில் கரண்ட் வைத்தவர்களுக்குப் பின்னாளில் மலத்திலோ சிறுநீரிலோ இரத்தம் வரலாம். ஓய்வெடுத்தாலும் தீராத அசதி, மறதி, இவையும் உண்டு.

இவை எல்லாருக்கும் வருவதில்லை. வந்தால் அது பாவத்தின் அடையாளமும் அல்ல, அவிசுவாசத்தின் அடையாளமும் அல்ல.

யாக்கோபைப் பாருங்கள். இராமுழுவதும் போராடினான்; ஆசீர்வாதம் பெற்றான்; புதுப் பெயரும் பெற்றான். ஆனால் பொழுது விடிந்தபோது நொண்டி நொண்டித்தான் நடந்தான். நொண்டுகிறானே, அப்படியானால் ஆசீர்வாதம் பொய்யா? இல்லை! ஆசீர்வாதமும் மெய், நொண்டலும் மெய். உயிர்த்தெழுந்த ஆண்டவருடைய கைகளிலும் ஆணித் தழும்பு இருந்ததே! அதை அவர் தோமாவுக்கு மறைக்கவில்லை, காட்டினார்.

2. பயம் வரும்போது

"அடுத்த மாசம் செக்கப்னா இந்த மாசமே தூக்கம் போயிடுது பாஸ்டர். ஒரு இருமல் வந்தாலும் திரும்பி வந்துடுச்சோன்னு நெஞ்சு அடிச்சுக்குது" என்றார் ஒரு சகோதரன். பிழைத்தவர்களில் இந்தப் பயத்தை அறியாதவர்கள் குறைவு.

கர்மேலில் அக்கினி இறங்கக் கண்ட எலியாவே, அதற்குப் பின் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்டான். தூதன் வந்து என்ன செய்தான்? "உன் விசுவாசம் எங்கே?" என்று அதட்டினானா? இல்லை. சாப்பிடக் கொடுத்தான், தூங்க விட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடக் கொடுத்தான். பயந்தவனுக்கு முதல் ஊழியம் அதுதான்.

பயத்துக்கு நான் சொல்லும் வழி இது. புதிதாக ஒரு கட்டி, இரத்தப்போக்கு, ஆறாத புண், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, இரண்டு வாரம் தாண்டியும் விடாத வலி அல்லது இருமல், இவை இருந்தால் செக்கப் தேதி வரும்வரை காத்திருக்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். வீங்கிய கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே போங்கள். மற்றபடி தோன்றும் சந்தேகங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்து, செக்கப் அன்று கேளுங்கள். எழுதி வைத்தது ராத்திரியில் மனதைப் பிறாண்டுவது குறையும். நம்பிக்கையான ஒரு ஆளிடமாவது பயத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அது வெட்கமல்ல.

3. செக்கப்பும் மாத்திரையும்

சிலர் சொல்வதுண்டு: "சுகமாயிட்டேன்னு விசுவாசிச்சா செக்கப் எதுக்கு?" குஷ்டரோகியைத் தொட்டுச் சுகமாக்கிய ஆண்டவர்தான், போய் ஆசாரியனுக்குக் காட்டு என்று அனுப்பினார் (மாற்கு 1:44). அந்த நாளில் உடம்பைப் பார்த்துச் சோதித்துச் சொல்லும் பொறுப்பு ஆசாரியனுடையது. செக்கப்புக்குப் போவது கீழ்ப்படிதலே தவிர அவிசுவாசம் அல்ல.

மாத்திரையும் அப்படியே. மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு சிலருக்கு டமாக்சிஃபென் மாத்திரையை 5 வருஷம், சிலருக்கு 10 வருஷம் கொடுக்கிறார்கள். திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும், வேர்க்கும். அது தாங்காமலோ, விசுவாசத்தின் பேரிலோ நிறுத்திவிட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும். கஷ்டமாக இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் வழி பார்ப்பார். எசேக்கியாவுக்கு இன்னும் 15 வருஷம் ஆயுசு என்று வாக்குக் கொண்டுவந்த ஏசாயாதான், பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னான் (2 இராஜாக்கள் 20:5-7). வாக்குத்தத்தம் இருந்தது, பற்றும் இருந்தது. ஆகையால் யாருடைய பேச்சைக் கேட்டும், ஒரு ஊழியக்காரன் சொன்னாலும், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்னும் சில காரியங்கள். தாடைப் பக்கம் கரண்ட் வைத்தவர்கள் பல் பிடுங்குவதற்கு முன் அதைப் பல் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எலும்பு ஆறாமல் போகலாம். கால் மரத்தவர்கள் ராத்திரி பாதத்தைப் பார்த்துப் புண் இருக்கிறதா என்று கவனியுங்கள். அசதி இருந்தாலும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தினமும் கொஞ்சம் நடங்கள். படுத்தே இருந்தால் அசதி கூடும்.

4. சபை செய்ய வேண்டியது

யவீருவின் மகளை உயிரோடு எழுப்பினவுடன் ஆண்டவர் என்ன சொன்னார்? பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்றார். அற்புதம் செய்தது அவர். பிந்தின கவனிப்பை வீட்டாரிடம் ஒப்புக்கொடுத்தார். நாம்தான் அந்த வீட்டார்.

"இன்னுமா சரியாகல?" என்று கேட்காதீர்கள். "செக்கப்புக்கு நான் கூட வரட்டுமா?" என்று கேளுங்கள். நாக்கு வறண்டவருக்குத் திருவிருந்தின் அப்பத்தை மூப்பர்கள் சிறிதாகப் பிட்டுக் கொடுக்கட்டும். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். அன்பின் விருந்தில் அவருக்குக் காரமில்லாத குழைந்த சாதம் தனியாக எடுத்து வையுங்கள். கால் மரத்தவர் மத்தியான வெயிலில் வெறுங்காலோடு முற்றத்தைக் கடந்தால் பொசுங்கினாலும் தெரியாது; அவர் செருப்போடு உள்ளே வந்தால் முகம் சுளிக்காதீர்கள். தரையில் உட்கார முடியாதவருக்கு நாற்காலி போடுங்கள். விரல் மரத்தவர் கைதட்டவில்லை என்றால் ஆவியில் அனல் இல்லை என்று தீர்க்காதீர்கள். மருந்து சாப்பிடுகிறவர்களை உபவாசத்துக்கு வற்புறுத்தாதீர்கள்.

சாட்சி சொல்கிறவர்களும் முழுச் சாட்சியையும் சொல்லட்டும். "கர்த்தர் என்னை உயிரோடே வைத்திருக்கிறார், கை வீங்குகிறது, ராத்திரியில் பயம் வருகிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் அவர் நாமம் குறைந்துபோகாது. பின்வரிசையில் அதே பாரத்தோடு ஒளிந்திருக்கிற இன்னொருவர் அன்றைக்குத் தலை நிமிர்வார்.

ஜெபம்: அன்பின் ஆண்டவரே, எங்கள் தழும்புகளை நீர் அறிவீர். செக்கப்புக்கு முந்தின ராத்திரிகளில் எங்களோடு விழித்திரும். மறைக்கிறவர்களுக்குப் பேசத் தைரியமும், கேட்கிறவர்களுக்கு இரக்கமுள்ள காதும் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.

வீட்டு ஜெபக்கூட்டத்தில் பேச: நம் தெருவில் வைத்தியம் முடிந்து வீட்டில் இருப்பவர் யார்? அவருடைய அடுத்த செக்கப் எப்போது? கூடப் போவது யார்?